ஒரு சோற்றின் பதம்

டார்ட்டு நகரில் பிப்ரவரி.
எமாயோகி ஆறு இறுகிக் கிடக்க
அதன்மேல் நாய்கள் நடக்கின்றன.
ஆய்வுக்கூட அடித்தளத்தில்
அதைவிடக் குளிர்.
மைனஸ் எண்பதில்
ஓர் ஊருக்குப் போதுமான ரத்தம்
கோடுகள் ஒட்டிய குழாய்களுக்குள்
பெயரை மறந்து நிற்கிறது.

ஹெய்லேவின் வேலை கூட்டல்.
ஓரிடத்தில் உனக்கு ஏ, எனக்கு ஜி.
பாதி ஊருக்கு அது, மீதி ஊருக்கு இது.
நோயில்லை, குறையில்லை,
தெருவுக்குத் தெரு கிடக்கும் சாதாரண மாற்றம்.
அப்படிப் பல்லாயிரம் இடங்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை;
வைத்தால் தராசுக்கே
சந்தேகம் வரும் எடை.

சிறுதுளி பெருவெள்ளம் என்று
நம்பித்தான் கூட்டத் தொடங்கினார்கள்.
வெள்ளம் வரவில்லை.
வறட்சி என்றும் சொல்வதற்கில்லை.
கணுக்கால் நனைந்தது.

அந்த ஈரத்தை வைத்துக்கொண்டு
மாநாட்டில் இரண்டு மேசைகள் சண்டையிட்டன.
ஒரு மேசைக்கு அது கடல்,
மறு மேசைக்கு வெறும் வியர்வை.
ஹெய்லே பின்வரிசையில்
ஆறிய மீன்சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

ஏழு, இரண்டு, ஒன்பது, நான்கு.
பின்னாலிருந்து சொல்லுங்கள்.
எண்ணைத் திருப்பிச் சொன்னவர்கள்,
பாதியில் சிரித்துவிட்டவர்கள்,
பேருந்துக்கு நேரமாகிறதென்று எழுந்தவர்கள்
எல்லோரும் திரையில் புள்ளிகள்.
புள்ளிகளின் நடுவே ஒரு கோடு
மெல்ல, மிக மெல்ல,
வலப்பக்கம் ஏறுகிறது.
ஏறுவது பொய்யில்லை.

ராய்வோவின் குழாய் எண்
அவளுக்குத் தெரியும்.
அவன் வீட்டுக் குளிர்பெட்டியில்
காந்தம் வைத்து ஒட்டிய கடிதத்தில்
ஆறு வருடமாக இருக்கிறது.
பார்க்க மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டவள்
ஒரு வெள்ளிக்கிழமை
எல்லோரும் போனபின் பார்த்தாள்.
தன்னுடையதையும்.

தம்பிக்குக் கூட்டுத்தொகை அதிகம்.
கொஞ்சம் இல்லை.

வோருவில் பேருந்துகளின் கியர்பெட்டியைக்
கழற்றி மாட்டுகிறவன் அவன்.
எட்டாம் வகுப்போடு சரி.
ரூபிள் போய் குரோன் வந்த வருடம்
வீட்டில் இரண்டு பேருக்கும் பார்வை மங்கல்.
வாங்க முடிந்தது ஒரு கண்ணாடி.
மூத்தவளுக்கு என்றாள் அம்மா.
கரும்பலகை எனக்குத் தெளிந்தது,
அவனுக்குச் சுண்ணாம்புப் புகையாகவே நின்றது
என்று ஒரு கணம் நினைத்தாள்.
அடுத்த கணம் அதையும் சந்தேகித்தாள்.
ஒரு கண்ணாடியால்
ஒரு வாழ்க்கையை விளக்குகிறவளும்
ஓர் எழுத்தால் விளக்குகிறவனும்
ஒரே பள்ளியில் படித்தவர்கள்.
அவனுக்கு எஞ்சின் சத்தம் பிடிக்கும்,
அதுவும் இருக்கிறது.

அம்மா எங்களுக்குக் கொடுக்காமல்
தன்னிடமே வைத்துக்கொண்ட எழுத்துகளும்
அந்த வீட்டுக்குள் நடமாடியிருக்கும்,
கோபமாக, இரவல் புத்தகமாக,
எட்டு மணிக்கே அணைந்த விளக்காக.
அதை எந்த நிரலில் எழுதுவது?

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்
என்று சொல்கிற ஊர்கள் உண்டு.
இங்கே கணக்கு தலைகீழ்.
பானை வெந்ததா, சொல்லலாம்.
ஒரு பருக்கையை எடுத்து
நீ எப்படி என்று கேட்டால்
கணினி வாயைத் திறக்காது.
திறந்தால் நம்பாதே.

திரையை மூடினாள்.
பார்த்த தடம் கணினியில் இருக்கும்,
திங்கட்கிழமை
யாராவது கேட்கலாம்.

ஞாயிறு இரவு அவனே அழைத்தான்.
பின்னணியில் ஏதோ ஒரு சக்கரம்
சுற்றிச் சுற்றி நின்றது.
"என் ரத்தம் ஏதாவது சொன்னதா?
இத்தனை வருடம் ஆச்சு."

நாக்கு நுனிவரை வந்த எண்ணை
அவள் விழுங்கினாள்.
"காபி உனக்கு மெதுவாகத்தான் கரையுமாம்.
சாயங்காலம் குடிக்காதே."

"அது எனக்கே தெரியும்" என்றான்.
குடிக்கும் சத்தம் கேட்டது.